தீவன அறைச் சீட்டு

மர்பி டவுன்,
12.8.1996

அன்புள்ள அண்ணா,

வழக்கம்போல நலம் விசாரித்து இரண்டு வரி எழுதி, அடித்துவிட்டேன். நீயும் அண்ணியும் நன்றாகத்தான் இருப்பீர்கள். உங்கள் பண்ணைக் குதிரைகள்தான் நன்றாக இல்லை. அவற்றின் லத்தி போன வாரம் என் மேஜைக்கு வந்தது.

மூன்று டப்பா. சீட்டில் உங்கள் ஆனேக்கல் பண்ணையின் பெயரைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. பதினைந்து வருடமாக நீ கூடையில் அள்ளுவதைக் கடைசியில் நானும் அள்ள வேண்டியதாகிவிட்டதே என்று. ஒரு டப்பாவில் 'ஈவ்னிங் பெல்' என்று எழுதியிருந்தது. நீ மணி, மணி என்று கொஞ்சுவாயே, அந்தச் செவலைக் குதிரைதானே அது? அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் லேபில் நாங்கள் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கண்ணாடித் தட்டில் கிருமியை வளர விடுவோம். அதன் மேல் மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றி ஒரு வட்டம் சுத்தமாக இருக்கும். கிருமி கிட்டே வந்திருக்காது. மணியின் தட்டில் எட்டு வில்லை வைத்தேன். ஏழு வில்லைகளின் ஓரம் வரைக்கும் கிருமி வந்து முட்டிக்கொண்டு நின்றது. என் கைப் பிசகாக இருக்கும் என்று மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே ஏழு. கழிச்சலுக்கு நாம் சாதாரணமாகக் கொடுக்கிற மஞ்சள் மாத்திரை இருக்கிறதே, அதை அந்தக் கிருமி கண்டுகொள்ளவே இல்லை.

எங்கள் டாக்டர் ஜகதாம்பாள் மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது மருந்தை இப்பதான் முதல்ல பார்க்கிற கிருமி இல்லை சரளா. நன்னாப் பழகினது" என்றார். பிறகு பண்ணையிலிருந்து வந்த படிவத்தைத் திருப்பினார். 'முன்பு கொடுத்த மருந்து' என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதியிருக்கிறது.

அண்ணா, அது உண்மையா? உனக்குத் தெரியாமல் அந்த லாயத்தில் ஒரு வாளி நகராது. அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

உன் சரளா


ஆனேக்கல் பண்ணை,
17.8.96

தங்கச்சி சரளாவுக்கு அண்ணன் வெங்கடசாமி எழுதுவது.

உன் கடிதத்தை ஆபீஸில் எல்லார் முன்னாலும் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கவரின் பின்பக்கம் லேப் முத்திரை. பக்கத்து வரிசை மைக்கேல்ராஜ் பார்த்துவிட்டு, "இன்னா வெங்கடசாமி, குதிரைக்கு வர வேண்டிய ரிப்போர்ட்டு உனுக்கு வருது, வயிறு சரியில்லியா?" என்று கத்தினான். பத்துப் பேர் சிரித்தார்கள். இனிமேல் சாதாரணக் கவரில் எழுது, புண்ணியமாகப் போகும்.

ஆமாம், அது மணிதான். பிப்ரவரியில் குட்டி போட்டாள். தாயும் குட்டியுமாக இருக்கிற பெரிய பாக்ஸ் அறைகள் எல்லாம் மைக்கேல்ராஜ் வரிசையில் இருப்பதால் அவளை அங்கே மாற்றிவிட்டார்கள். இப்போது அவன்தான் அவளுக்குக் குதிரைக்காரன், சைஸ். தேய்ப்பதும் தீனி வைப்பதும் அவன். நான் தினமும் காலையில் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். என் காலடிச் சத்தத்துக்கே தலையை வெளியே நீட்டுவாள். இப்போது நீட்டுவதில்லை. லத்தி தண்ணீராகப் போகிறது. கொள்ளைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். டாக்டர் சுஹாஸ் முன்பெல்லாம் செவ்வாய், வெள்ளி மட்டும்தான் வருவார். இப்போது தினமும் வந்து பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுகிறார். கழுத்து நரம்பு கட்டை மாதிரி ஆகிவிட்டது.

நீ என்னவோ மருந்து கொடுத்தீர்களா என்று கேட்கிறாய். உன் கண்ணாடித் தட்டில் பூத்த பூச்சிக்கு நான் என்ன பண்ணுவேன்? படிவத்தில் எழுதியதுதான். என் வரிசையில் பன்னிரண்டு குதிரை. எட்டு வருடமாகக் கழிச்சல் என்றோ சளி என்றோ ஒரு குதிரைக்காகவும் டாக்டரைக் கூப்பிட வேண்டிய வேலை வந்ததில்லை. மானேஜரே எல்லாரிடமும் சொல்லிக் காட்டுவார். வியாதி வந்தது மைக்கேல்ராஜ் வரிசையில். அவனிடம் போய்க் கேள்.

அண்ணி உன்னைக் கேட்டாள். உகாதிக்கும் வரவில்லை, ஆடிக்கும் வரவில்லை. படித்தவளுக்கு லாய வாசனை ஆகாது போல.

அண்ணன்


மர்பி டவுன்,
24.8.1996

அண்ணா,

கவரை மாற்றியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எல்லாம் கோபம், கிண்டல். நடுவில் ஒரே ஒரு வரிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எட்டு வருடமாக ஒரு குதிரைக்காகவும் டாக்டரைக் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு குதிரைகள், எட்டு மழைக்காலம். ஒன்றுக்குக்கூடவா வயிறு கெட்டிருக்காது? அண்ணா, கெட்டிருக்கும். டாக்டர் இல்லாமல் நீயே சரி பண்ணியிருக்கிறாய்.

போன பொங்கலுக்கு வந்தபோது உன் வீட்டு அலமாரியில், அண்ணியின் மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக மாத்திரைகள், பாதி அளவுக்கு. "இன்னா அண்ணா இது?" என்றேன். "குதிரைங்களுது, மிச்சம் மீதி" என்றாய். நானும் லேபில் வேலை செய்கிறவள்தான். அந்த நிமிடம் என் மூளை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அண்ணி வடை கொண்டுவந்தாள், மறந்துவிட்டேன்.

மிச்சம் எப்படி வந்தது? கடையில் ஐந்து நாளுக்கு என்று வாங்கியதை மூன்று நாளில் நிறுத்தியிருப்பாய். அடுத்த குதிரைக்கு அந்த இரண்டு நாள் மருந்து. அது நின்றுவிட்டால் அதிலும் மிச்சம். மூன்று நாளில் சாவது பலவீனமான கிருமி. பலமானது வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்து மருந்தின் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதற்குப் பயம் இருக்காது. இதை எட்டு வருடம் செய்தால் என் தட்டில் இருப்பது மாதிரி ஒன்று வரும்.

மணிக்குக் கொடுத்தாயா? அதை மட்டும் சொல். உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

சரளா


ஆனேக்கல் பண்ணை,
29.8.96

சரளாவுக்கு,

மணி செத்துப்போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. எழுந்திருக்கப் பார்த்தாள், முன்னங்கால் மடங்கிவிட்டது. நானும் மைக்கேல்ராஜும் தலையைப் பிடித்துக்கொண்டோம். குட்டி அந்தப் பக்கத்துத் தடுப்பில் நின்று கத்திக்கொண்டே இருந்தது. ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கொடுத்தேன். ஜூலையில் இரண்டு நாள் அவள் சரியாகத் தின்னவில்லை. மைக்கேல்ராஜ் கொள்ளு அவிக்கப் போயிருந்த நேரம் பார்த்து நான் போய் வெல்லத்தில் வைத்துக் கொடுத்தேன். மூன்று நாள். நன்றாகிவிட்டாள், நிறுத்தினேன். பத்து நாள் கழித்துப் படுத்துவிட்டாள். போதுமா? எழுதி வாங்கிக்கொண்டாயா?

ஆனால் என்னைக் கேட்கிறாயே, உன்னை யார் கேட்பது? தீவன அறைக் கதவுக்குப் பின்னால் மைதா பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேனே, அது யார் கையெழுத்து? நீ மறந்திருப்பாய். நான் எட்டு வருடமாக அதன் முன்னால் நின்றுதான் தவிடு கலக்குகிறேன். எனக்கு மனப்பாடம். எழுதுகிறேன், சரியா என்று பார்:

'கழிச்சலுக்கு மஞ்சள் மாத்திரை, காலை மாலை. சளி, இருமலுக்கு வெள்ளை. சீழ் வைத்தால் இரண்டும். வெல்லத்தில் வைத்துக் கொடு. குணமானதும் நிறுத்து. மிச்சத்தை வீணாக்காதே, மூடி போட்ட பாட்டிலில் வை, அடுத்த குதிரைக்கு ஆகும். நீயும் வேளைக்குச் சாப்பிடு.'

இதில் இல்லாத ஒன்றை நான் செய்யவில்லை. ஒரு மாத்திரை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் தங்கச்சி மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறாள், எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன் தெரியுமா? வெளியூர்ப் பண்ணைகளிலிருந்து குதிரை ஏற்றிக்கொண்டு வருகிற சைஸ்கள்கூட அதற்கு முன்னால் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

இனிமேல் எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

வெங்கடசாமி


மர்பி டவுன்,
20.9.1996

அண்ணா,

இதைப் பிரிக்க மாட்டாய் என்றுதான் அண்ணி பெயருக்கு அனுப்புகிறேன். அண்ணி படித்துக் காட்டட்டும்.

உன் கடிதம் வந்த அன்று, அப்படி நான் எழுதவே இல்லை என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். இரண்டு நாள் ஞாபகமே வரவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் அல்சூர் பக்கம் போகும்போது நான் முன்பு வேலை பார்த்த அந்த மெடிக்கல் ஷாப்பைப் பார்த்தேன். எல்லாம் வந்துவிட்டது. நீ ஒரு சனிக்கிழமை வந்தாய். டாக்டர் செவ்வாய்தான் வருவார் என்று காத்திருந்ததில் ஒரு குதிரை போய்விட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதாய். நீ அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கடைப் பேடில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். எனக்கு இருபது வயது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்றுதான் வாங்குவார்கள். சரியானதும் நிறுத்து, மிச்சத்தை வை என்றுதான் முதலாளி எல்லாருக்கும் சொல்வார். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அதைப் பெரிய டாக்டர் மாதிரி எழுதிக் கொடுத்தேன்.

ஆமாம் அண்ணா, அது என் கையெழுத்துதான். போன கடிதத்தில் உனக்குப் பாடம் எடுத்தேனே, அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. லேபில் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு நாளாவது அந்தச் சீட்டு ஞாபகம் வந்திருக்கக் கூடாதா?

ஆனால் உனக்கு இப்போது எழுதுவது மன்னிப்புக் கேட்க மட்டும் இல்லை. நேற்று மணியின் குட்டியின் டப்பா வந்திருக்கிறது. அதே கிருமி. கூடவே இன்னும் இரண்டு குதிரைகள். அவற்றுடன் வந்த தாளில் மானேஜர் எழுதியிருக்கிறார்: 'சைஸ் மைக்கேல்ராஜின் அலட்சியம், சுத்தம் செய்யாத வாளிகள். நடவடிக்கை எடுக்கப்படும்.' அவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம். டாக்டர் சுஹாஸ் மேடத்திடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. போன கிறிஸ்துமஸுக்கு மைக்கேல்ராஜின் மனைவி பவுலின் எனக்குக் கேக் பொட்டலம் கட்டிக் கொடுத்தது நினைவிருக்கிறதா?

இன்னொன்று. இதைக் கவனமாகக் கேள். இந்தக் கிருமி வயிற்றில் இருக்கிற எல்லாக் குதிரையும் நோயாகப் படுக்காது. பல குதிரைகள் கொள்ளுத் தின்று கொழுகொழு என்று நிற்கும். ஆனால் லத்தியில் கிருமியைப் போட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தொட்ட வாளி, தொட்ட கை வழியாகப் பக்கத்துக் குதிரைக்குப் போகும். எட்டு வில்லையில் ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக் குட்டியைக் காப்பாற்றினாலும், எந்தக் குதிரைகளைப் பிரித்துக் கட்டுவது என்று தெரியாவிட்டால் திரும்பவும் வரும். எந்தெந்தக் குதிரைக்குப் பாட்டிலிலிருந்து போயிற்று என்று உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். லத்தியை எல்லாம் வாங்கி நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இரண்டு மாதம் ஆகும். குட்டிக்கு அவ்வளவு நாள் இல்லை.

சீட்டு எழுதியது நான் என்று மேடத்திடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும். சொல்லுவாய் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அண்ணா. அதை என்னைச் செய்ய வைக்காதே.

சரளா


ஆனேக்கல் பண்ணை,
28.9.96

சரளாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணி படித்துக் காட்டினாள். மைக்கேல்ராஜ் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். அடுத்த வேளை சோற்றைப் போட்டுக்கொண்டே, "பவுலினு கொயந்தைங்கள ஸ்கூலு வுட்டு நிறுத்தப் போறாளாம்" என்றாள். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் சுஹாஸ் வந்திருந்தார். மானேஜரும் இருந்தார். சைஸ்கள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, வாளியை எப்படிக் கழுவுவது என்று எங்களுக்குப் பாடம். அதாவது மைக்கேல்ராஜை நடுவில் நிற்க வைத்துப் பேசுகிறார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் வாளியை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைவிடச் சுத்தமாக இருக்கும்.

நான் வீட்டுக்குப் போய் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்து டாக்டர் கையில் கொடுத்தேன். "வாளி இல்ல சார், இதான்" என்றேன். டாக்டர் முதலில் புரியாமல் குலுக்கிப் பார்த்தார். மானேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு ஹேளித்ரு நினகெ? யார் சொல்லி இதப் பண்ண?" என்று கேட்டார். கன்னடத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று. "யாரும் சொல்லல சார், நானே பண்ணேன்" என்றேன்.

பிறகு குதிரைகளின் பெயரைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். நான்கைந்து என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. மழையில் இருமியது, லாரியில் வந்து இறங்கியதும் கழிந்தது, கால் சீழ் வைத்தது. பதினாறு. சிலது என் வரிசையே இல்லை, போகிற வழியில் கொடுத்தது. எழுதி முடித்துவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். திட்டவில்லை. "செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வந்தது என் தப்புதான்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீ எழுதிய சீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. பாட்டிலை எடுக்கப் போகும்போதே அதைக் கதவிலிருந்து சுரண்டி எடுத்து அண்ணியின் அடுப்பில் போட்டுவிட்டேன். பசை வேகவைத்துப் போட்டது அல்லவா, சுலபத்தில் வரவில்லை, நகம் பெயர்ந்துவிட்டது. இனி அது யார் கையெழுத்து என்று யாராலும் சொல்ல முடியாது. உன் மேடத்திடம் ஒன்றும் சொல்லாதே. வேலை போகிறது ஒருவருக்குப் போனால் போதும்.

ஆமாம், போய்விட்டது. அடுத்த மாத முடிவில் வீட்டைக் காலி பண்ண வேண்டும். மைக்கேல்ராஜ் இருக்கிறான். அவன் எனக்கு நன்றி சொல்வான் என்று நினைத்தாயா? என் பக்கமே திரும்புவதில்லை. மணி செத்தபோது அவள் தலையை அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோமே, அதை நினைத்துப் பார்த்திருப்பான்.

பதினாறையும் தனியாகக் கிழக்குப் பக்கக் கொட்டகையில் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, நீ சொன்ன மாதிரி. என்னைப் பார்த்ததும் தலையை நீட்டுகின்றன.

அண்ணன்


மர்பி டவுன்,
3.10.1996

அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மேடத்திடம் சொல்லிவிட்டேன். "நான் டிஸ்பென்சரியில இருந்த நாள்ல இந்த மாதிரி எத்தனை எழுதிக் குடுத்திருக்கேனோ" என்றார். பிறகு, "அந்தத் தட்டைக் கழுவிடு சரளா, நாளாச்சு" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மேஜை, அதே ஸ்டூல். உனக்கு வேலையும் வீடும் போயிற்று. என்னால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

சீட்டை ஏன் எரித்தாய்? அதில் கடைசி வரி ஒன்றுதானே நான் சரியாக எழுதியது.

குட்டிக்கு அந்த ஒரே மருந்து வேலை செய்கிறது. ஏழு நாள் முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று வந்த டப்பாவில் லத்தி உருண்டையாக இருந்தது. நான் லேபில் அழுததைப் பார்த்து எல்லாரும் பயந்துவிட்டார்கள்.

இங்கே வந்துவிடுங்கள். இது உன் வீடும்தான்.

சரளா


ஓசூர் ரோடு,
29.1.97

அன்புத் தங்கச்சி சரளாவுக்கு,

பொங்கலுக்கு உன்னிடம் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேனே, அத்திபெலே தாண்டி, அந்த லாயத்திலிருந்துதான் எழுதுகிறேன். சின்ன இடம். ஒன்பது குதிரை. கல்யாண ஊர்வலத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை சவாரி பழக வருகிறவர்களுக்கும் விடுவார்கள். டாக்டர் என்று தனியாக யாரும் கிடையாது. அண்ணிக்கு வீடு பிடித்திருக்கிறது. பம்பு பக்கத்திலேயே இருக்கிறது. அதை விடு, விஷயம் வேறு.

நான் சேர்ந்து பத்து நாள் ஆகியும் தீவன அறைக் கதவை யாரும் சாத்துவதில்லை. எப்போதும் சுவரோடு சாய்ந்து கிடக்கும். நேற்றுக் காலை காற்றடித்து அது சாத்திக்கொண்டது. கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை, ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. நோட்டு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் யாரோ எழுதியது. கழிச்சலுக்கு மஞ்சள் மாத்திரை, காலை மாலை. சளி, இருமலுக்கு வெள்ளை. நான் படிக்கவே வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. குணமானதும் நிறுத்து. மிச்சத்தை வீணாக்காதே. எல்லாம் இருக்கிறது, சரளா. கடைசியில் 'நீயும் வேளைக்குச் சாப்பிடு' என்பதும் இருக்கிறது.

கொள்ளு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே தலைமை சைஸ் நாகேஷ் என்று ஒருவர். என்னைவிட நான்கைந்து வயது சின்னவர், நல்ல மனுஷன். அவரைக் கூப்பிட்டு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மைசூரில் வேலை செய்யும்போது அங்கிருந்த சுவரில் பார்த்து எழுதிக்கொண்டாராம். அங்கே எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. "இதாண்ணா எங்குளுக்கு டாக்டரு. அஞ்சு வருசமா இதப் பாத்துதான் குடுக்குறோம்" என்றார். "கடைசி வரி இருக்குது பாருங்க, அதப் படிச்சுட்டுதான் நான் டிபனுக்கே போவேன். எவனோ நல்ல மனசுக்காரன் எழுதிருக்கான்" என்றார். அட்டைக்குக் கீழே அலமாரியில் ஒரு ஊறுகாய் பாட்டில். மூடி இறுக்கமாகப் போட்டிருக்கிறது. பாதி வரைக்கும் மாத்திரை.

நான் சொன்னேன், இது தப்பு, இதனால் என் பண்ணையில் குதிரை செத்தது, எனக்கு வேலை போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அண்ணா, நீங்க எதுனா கணக்கு மாத்திக் குடுத்திருப்பீங்க. இதுல இருக்கிறபடி குடுத்தா ஒண்ணும் ஆகாது" என்றார். அட்டையைக் கழற்றப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். மரியாதையாகத்தான் பிடித்தார், ஆனால் விடவில்லை. மூன்றாவது பாக்ஸில் சாம்பல் குதிரை ஒன்று இருக்கிறது. முந்தாநாளிலிருந்து கழிச்சல். நேற்று மாலை வெல்லம் உடைக்கிற சத்தம் கேட்டது.

நீ அந்தக் கடையில் உட்கார்ந்து எனக்கு ஒருவனுக்காக எழுதினாய். நான் ஒரே ஒரு தாளைச் சுரண்டி அடுப்பில் போட்டுவிட்டு எல்லாம் தீர்ந்தது என்று இருந்தேன். இன்னும் எத்தனை கதவுக்குப் பின்னால் இருக்கிறதோ, நினைத்தால் சோறு இறங்கவில்லை. மைசூரில் இருக்கிறது என்று தெரியும். மெட்ராஸில், ஊட்டியில், குதிரை போகிற எல்லா ஊரிலும் இருக்கும்.

என் பேச்சை இவர்கள் கேட்க மாட்டார்கள். நேற்று வந்தவன் நான். அட்டை ஐந்து வருடமாக இருக்கிறது. ஆனால் எழுதியவளே வந்து நின்று, இது நான் எழுதியது, தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் நாகேஷ் கேட்பார். அந்தக் கடைசி வரிக்காகவாவது கேட்பார். கண்ணாடித் தட்டு ஒன்று கொண்டுவா, காட்டு. சாம்பல் குதிரையின் லத்தியை டப்பாவில் எடுத்து வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் அத்திபெலே பஸ்ஸைப் பிடி. நான் ஸ்டாப்பில் நிற்கிறேன். முதல் பஸ் என்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிடாதே. சாப்பிட்டுவிட்டு வா.

அண்ணன்